தவிலின் தொப்பி கேட்காத வீடு

அடுத்த திங்கட்கிழமை முதல் நான் யார் வீட்டுத் தரையிலும் தவழப் போவதில்லை. எட்டு வருடங்களாகப் போடிநாயக்கனூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களிலும் தவழ்ந்தாயிற்று. முட்டியில் காய்த்துப்போன தோல் அதற்குச் சாட்சி. தேனியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் வேலை கிடைத்திருக்கிறது. இனிமேல் மற்றவர்களைத் தவழவிடுவதுதான் என் வேலை.

முப்பது வயதில் வெளிவேலையிலிருந்து விடைபெறுகிறேன். "எம்மக ரிட்டயர் ஆகுறா" என்று அம்மா தோட்டத்தில் சொல்லியிருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள், "பென்சன் உண்டுமா?" என்று கேட்டார்களாம்.

நான் வேலை பார்த்தது போடியில் உள்ள ஒரு டி.வி., மிக்சி, ஃபிரிட்ஜ் விற்கிற கடையில். விற்ற சாமானை வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தி, ஓடவைத்து, கையெழுத்து வாங்கி வருவது என் பிரிவு. அதிலும் டி.வி.யோடு சேர்த்து வாங்குகிற சவுண்ட்பார், சப்வூஃபர் வேலை என்றால் என் பெயரைத்தான் எழுதுவார்கள். சவுண்ட்பார் என்பது டி.வி.க்குக் கீழே நீளமாகப் படுத்திருக்கிற ஒலிபெருக்கி. பேச்சும் பாட்டும் அதிலிருந்து வரும். சப்வூஃபர் தரையில் உட்கார்ந்திருக்கிற கனத்த பெட்டி. இடி, கொட்டு, லாரி எஞ்சின் மாதிரி வயிற்றில் உணர்கிற சத்தமெல்லாம் அதன் பொறுப்பு. எங்கள் ஊரில் அதை ஊஃபர் என்றே சொல்வோம்.

போன மாதம் எங்கள் பிரிவில் இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் பவித்ரா கொஞ்சம் வாய்த்துடுக்கு. சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, இப்ப வர்ற பாரெல்லாம் போன வச்சே ரூம அளந்து தானாச் சரி பண்ணிக்கிருதுல்ல? அப்பறம் நமக்கு என்னாக்கா சோலி?"

சோற்றை மென்றுகொண்டே யோசித்தேன். ராசிங்காபுரத்து வீடுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். அம்மா தோட்டத்து ஸ்டோரில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் இன்றைக்கும் கைரேகைதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். போடியில் விடுதியில் தங்கிப் படித்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கத்தோடு சொல்லும்படி இதில் எதுவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு சவுண்ட்பாரின் விளக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஆறு மொழியில் அச்சடித்திருந்தது. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் ஏறியவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரித்துக் காட்டியிருக்கிறார்.

"ஆறு பாசைல எழுதியிருக்கான்யா. எம்மக பூராத்தையும் படிச்சுப்புட்டா!"

நான் படித்தது ஆங்கிலப் பக்கத்தை மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயிற்சி மூன்று மாதம். ஏணி ஏறுவது, சுவரில் துளை போடுவது, எந்த வயர் எந்த ஓட்டையில் என்பது எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. மிச்சத்தை சந்திரமோகன் சாரைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். அவர் சர்வீஸ் பொறுப்பாளர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். எந்நேரமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், பிறகு மோதிரம். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். சாமானில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. வேலை முடியும்வரை உட்கார மாட்டார். 'பழுது', 'கோளாறு' என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எதுவானாலும் "ஒத்துவரல" என்பார்.

ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் பொட்டிபுரத்தில் ஒரு வீட்டில் ஊஃபர் பேசவில்லை. பாருக்கும் ஊஃபருக்கும் நடுவே வயர் கிடையாது. காற்று வழியாகத்தான் தொடர்பு. ஊஃபரின் முதுகில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். "சிமிட்டுச்சுன்னா தேடுதுன்னு அர்த்தம், அசையாம நின்னுச்சுன்னா கெடச்சிருச்சுன்னு அர்த்தம்" என்று சார் சொல்லித் தந்திருந்தார். அன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கிற பொத்தானை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. டார்ச் அடித்தால், பொத்தான் மேல் உருண்டையாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முதல் நாள் வீட்டிலிருந்த எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தபோது, முன்பக்கம் துணி போர்த்தியிருந்ததால் முதுகில் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு வச்ச சந்தனம் எப்படிம்மா கெடுதல் பண்ணும்?"

சார் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "சந்தனம் ஒன்னுமே பண்ணலம்மா. வச்ச எடந்தான் ஒத்துவரல." பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே பொட்டை முன்பக்கத்து மூலையில் அவரே வைத்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கும் அசையாமல் நின்றது.

இனி தவழ்கிற கதை. ஊஃபரை எந்த இடத்தில் வைத்தாலும் ஒரே மாதிரி கேட்காது. ஒரு மூலையில் குமுறும், இன்னொரு இடத்தில் ஊமையாகிவிடும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தலைகீழ் வழி உண்டு. வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்க்கிற சோபாவின் மேல் ஊஃபரை ஏற்றிவிட வேண்டும். கொட்டுச் சத்தம் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட வேண்டும். பிறகு நாம் தரையில் கையும் முட்டியும் ஊன்றி, சுவரோரமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் கொட்டு முழுசாக, குமுறாமல் கேட்கிறதோ அங்கே ஊஃபரை இறக்கிவைத்தால், சோபாவில் இருப்பவருக்கு அப்படியே கேட்கும்.

முதல்முறை தவழச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் செடிக்கு அடியில் குனிந்தே காலம் கழித்தவர்கள். ஏலக்காய் தூரில்தான் காய்க்கும்; முழங்காலில் உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும். டிப்ளமோ படித்தும் முழங்காலா என்று நின்றேன். சார் வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் தரையில தவழுவோம், தப்பா நெனைக்காதீங்க" என்று அனுமதி கேட்டார். வெள்ளைச் சட்டையோடு அவரே இறங்கித் தவழ்ந்தார். அந்த வீட்டுப் பூனை அவர் பின்னாலேயே போனது. அடுத்த வீட்டில் நான் தவழ்ந்தேன்.

மலை மேலும் வேலை இருக்கும். ஒரு தடவை தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பேச்சியம்மாள் என்பவர் ஊஃபர் வாங்கியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். கூரை வரைக்கும்கூட எட்டாது. பாட்டைப் போட்டதும் பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரர் சாந்தா சேச்சி கரண்டியோடு ஓடிவந்தார்.

"எந்தா மோளே இது, பூகம்பமோ? என்ட பாத்திரமெல்லாம் ஆடுது!"

அடியில் ரப்பர் பாய் போட்டு, பொதுச்சுவரை விட்டு எதிர்ப்பக்கம் தள்ளிவைத்து, அவரையும் உட்காரவைத்துக் காட்டிவிட்டு இறங்கினேன். பத்து நாள் கழித்து சேச்சியே கடைக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியைப் பலகையோடு ஒட்டி வைக்கலாமா, தன் வீட்டிலிருந்தே படம் கேட்க வசதியாக இருக்கும் என்றார்.

இப்படிச் சிரிப்பாகவே இரண்டு வருடம் ஓடியது. மூன்றாம் வருடம் ராசிங்காபுரம் வந்தது.

அழகர்சாமி ஐயாவுக்கு மெட்டுக்கு அப்பால் பெரிய ஏலத்தோட்டம். வீடு கீழே ராசிங்காபுரத்தில். மகள் கல்யாணத்து வீடியோவைப் பெரிய டி.வி.யில் பார்ப்பதற்காகவே, கடையில் இருந்ததிலேயே பெரிய சவுண்ட்பாரும் ஊஃபரும் வாங்கினார். கல்யாணத்துக்கு வந்த தவில்காரர் அப்படி வாசித்திருந்தார். தவிலுக்கு இரண்டு பக்கம். விரலில் கூடு மாட்டி வாசிக்கிற வலதுபக்கம் வலந்தலை. அது கணீரென்று ஒலிக்கும். குச்சியால் அடிக்கிற இடதுபக்கம் தொப்பி. அது அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம்.

கடை விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு முன்பே போன் செய்து, "வர்றோங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனோம். வேன் ஓட்டுநர் முருகேசன் அண்ணன் என்னை இறக்கிவிட்டு, வேனை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்க வரவேற்றார். அவர் மனைவி ஜெயக்கொடி அம்மாவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. வயதானவர்கள், வெயில் வேறு என்று நினைத்துக்கொண்டேன். ஹால் பெரிது. ஒரு சோபா, ஒரு டி.வி. மேசை, வேறெதுவும் இல்லை. தவழ்ந்தேன், இடம் பார்த்தேன், ஒரு மூலையில் வைத்தேன். காலி ஹாலில் தொப்பி அளவுக்கு மீறிக் குமுறியது. ஊஃபரின் அளவை மூன்றுக்கு இறக்கினேன். கச்சிதமாக நின்றது.

ஐயா தொடையில் தட்டினார். "அட! தொப்பி பேசுதுத்தா!"

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். "வலந்தலை கணீர்னு கேக்குது. தொப்பி சுத்தமாக் கேக்கல."

போன் செய்துவிட்டுப் போனேன். பாட்டைப் போட்டால் தொப்பி அழகாகக் கேட்டது. ஐயாவுக்கே வெட்கமாகிவிட்டது. "இப்பக் கேக்குது. நேத்து சாயங்காலம் கேக்கலத்தா, சத்தியமாக் கேக்கல." விளக்கைப் பார்த்தேன், மின்சாரத்தை அளந்தேன், ரிமோட்டில் யாராவது எதையாவது அழுத்திவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஐயாவுக்கு மூச்சு இரைத்தது.

"ஒடம்பு சொகமில்லையாய்யா?"

"வயசாகுதுல்ல" என்றார். ஜெயக்கொடி அம்மா மோர் கொண்டுவந்தார். அவர் முடியில் சணல் நார் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன். அப்போதும் எனக்கு மண்டையில் உறைக்கவில்லை.

மூன்றாவது தடவை ஊஃபரையே மாற்றிப் புதுசு வைத்தேன். நான் இருக்கும்வரை கேட்டது. மறுநாள் மறுபடியும் போன்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. முடிந்தால் சார் நீல மையில் கோடு போடுவார். அதே வீட்டுக்குத் திரும்பப் போக நேர்ந்தால், போனவர் பெயரைச் சிவப்பில் வட்டம் போடுவார். என் பெயரைச் சுற்றி மூன்று வட்டம். அன்றைக்கு வெளிவேலையில் இருந்த ஒரே பெண் நான். சேர்ந்த நாளிலிருந்து, இந்தப் பெண்ணால் முடியுமா என்று கல்லாப் பக்கத்தில் பேச்சு இருந்தது. இப்போது அதைச் சத்தமாகவே பேசினார்கள். "ஏணி ஏறத் தெரிஞ்சா போதுமா? காது வேணும்ல" என்று விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தா, நாலாவது தடவ நான் போறேன். நீ கொஞ்ச நாள் டெலிவரி மேசையில இரு."

டெலிவரி மேசைக்குப் போனவர்கள் யாரும் வெளிவேலைக்குத் திரும்பி வந்ததில்லை. மேசையில் உட்கார்ந்து ரசீது கிழிப்பதற்கு நான் இத்தனை படித்திருக்க வேண்டாம்.

"சார், இன்னும் ஒரே ஒரு தடவ."

அட்டையை மேசையில் வைத்தார். "ஒரு தடவதான். இல்லேன்னா நாளைக்கி மேசைக்கி வந்துரு."

நாலாவது தடவை. அதே போன், அதே ஒரு மணி நேரம், அதே ஈரத் துண்டு. பாட்டைப் போட்டேன். தொப்பி கேட்டது. அது நன்றாகக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தவழத் தேவையே இல்லாதபோதும் தவழ்ந்தேன். டி.வி. பக்கம் முடித்து, சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவரோரம் போனேன். அந்தப் பக்கம் அதுவரை எனக்கு வேலையே இருந்ததில்லை.

சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு ஏலக்காய் கிடந்தது. பருமனானது, பச்சை மாறாதது. நகத்தால் கீறினேன். உள்ளே கறுப்பு அரிசி பிசுபிசுவென்று ஒட்டியது. போன வருடத்துக் காய் இல்லை. இந்த வருடம் பறித்துக் காயவைத்தது. ஏலக்காயில் எனக்குச் சந்தேகம் வராது. அம்மாவின் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. தரையில் இழுத்த தடம். சணல் நார். சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கோடு. ஈரத் துண்டு, அவிழ்ந்த கொண்டை, மூச்சு இரைப்பு.

அந்த மாதம் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏறுகிற நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மூடை வைத்திருக்கிறீர்கள்? அப்பா குத்தகைக்கு எடுத்த சின்னத் துண்டு நிலத்தில் எங்களுக்குக் கிடைப்பதே அரை மூடை. அதைக்கூட, பக்கத்து வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்டு வந்தால், கட்டிலுக்கு அடியில் தள்ளி அம்மா சேலையைப் போட்டு மூடிவிடுவாள். அரை மூடைக்கே அப்படி என்றால், ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? "ஒரு மணி நேரத்தில் வர்றோம்" என்று நான் போன் செய்யும்போதெல்லாம், புருஷனும் பெண்டாட்டியும் மூடைகளை உள்ளறைக்கு இழுத்திருக்கிறார்கள். நான் போனதும் திரும்ப ஹாலில் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளறையில் ஓதம், ஏலக்காய்க்கு ஆகாது. நான் சரிசெய்ததெல்லாம் காலி ஹாலை. அவர்கள் பாட்டுக் கேட்டது மூடை அடுக்கிய ஹாலில்.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சொல்வது எப்படி? உங்கள் சரக்கு எங்கே என்று நான் கேட்டால், அடுத்த நிமிடம் வெளியே போ என்பார். வாசலில் வேனோடு முருகேசன் அண்ணன் வேறு. அவர் மச்சான் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறவர். ஐயாவின் கண் அடிக்கடி அந்த வேன் பக்கம் போனதை மூன்று தடவையும் பார்த்திருக்கிறேன்; ஏன் என்று யோசிக்கவில்லை.

வெளியே போனேன். "அண்ணே, போடிக்குப் போயி இன்சுலேசன் டேப்பு வாங்கிட்டு வாங்க."

"டேப்பா? வண்டிக்குள்ளயே நாலு கெடக்கே புள்ள."

"அது பத்தாதுண்ணே. மெதுவாவே வாங்க. சாப்பிட்டுட்டே வாங்க."

"வெரசா வா, வெரசா வான்னு உசுர வாங்குவ. இன்னைக்கி என்னா கரிசனம்?" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

உள்ளே வந்தேன். "ஐயா, இன்னைக்கி எனக்கு மோர் வேண்டாம். டீ குடுங்க. வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்து குடிக்கிறேன். நான் டீ குடிக்க ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு டீயவா?"

"எனக்குச் சூடு ஆகாதுங்கய்யா, ஆறவிட்டுத்தான் குடிப்பேன். அதுக்குள்ள இந்த ஹாலு நேத்து சாயங்காலம் எப்படி இருந்துச்சோ, அப்படியே ஆக்கி வச்சுருங்க. மேல எத்தன போர்வ வேணும்னாலும் போத்திக்கங்க. போர்வைக்குள்ள என்னான்னு நான் பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் உள்ளங்கையில் அந்த ஒற்றை ஏலக்காயை வைத்தேன்.

ஐயா காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் வேன் நின்ற இடத்தைப் பார்த்தார். வேன் இல்லை. முதலில் பேசியது சமையலறையில் இருந்த ஜெயக்கொடி அம்மாதான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், பெருக்குறத ஒழுங்காப் பெருக்குங்கன்னு!"

"பெருக்குனது நீதானடி?"

"நீங்க அவசரப்படுத்துனா நான் என்னாத்தப் பெருக்க?"

ஐயா அதைக் காதில் வாங்காமல் என்னிடம் திரும்பினார். "யாரு வீட்டுப் புள்ள நீ?"

"மெட்டுக்கு மேல லயத்து வீடுங்கய்யா. எங்கம்மா ஸ்டோர்ல காய் தரம் பிரிக்கிறாக."

"அதான பாத்தேன். படிச்ச புள்ளைக கண்ணுல இது படாதே."

"படிச்ச புள்ளதான்யா. எனக்கு ரெண்டும் தெரியும்."

சிரித்துவிட்டார். "போ, போயி டீயக் குடி."

வேப்ப மரத்தடியில் டீயை ஆறவிட்டுக் குடித்தேன். உள்ளே இழுக்கிற சத்தமும் இருமலும் "ஏய், மெதுவா" என்ற அதட்டலும் கேட்டுக்கொண்டே இருந்தன. கூப்பிட்டபோது போனேன். பின்சுவர் முழுக்க, ஜன்னல் உயரத்துக்கு, பூப்போட்ட போர்வைகள். இடம் பற்றாத மூலையில் ஒரு பட்டுச் சேலை. நான் எண்ணவில்லை.

பாட்டைப் போட்டேன். தொப்பியைக் காணோம். தவில்காரரின் இடது கையை யாரோ கட்டிப்போட்டது போல இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கனத்த சத்தம் சுவரிலும் மூலையிலும் மோதித் திரும்பித்தான் பெருகும். சணல் சாக்கு, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பஞ்சு போல லேசான காய், அதுவும் ஒரு சுவர் முழுக்க. மோதின சத்தமெல்லாம் அதற்குள் போய் அமுங்கிவிட்டது. முழுசாக ஒரு தடவை திரும்பத் தவழ்ந்தேன். ஊஃபரை மூலையிலிருந்து டி.வி. மேசைக்கு இடதுபுறம் இரண்டடி நகர்த்தினேன். அளவை மூன்றிலிருந்து ஏழுக்கு ஏற்றினேன். தொப்பி வந்தது. தரை வழியாக வந்து, உள்ளங்காலில் தெரிந்தது.

"ஏ ஜெயக்கொடி, வா வா! ஒம்மகளுக்கு இன்னொரு தரம் தாலி கட்டுறாக!" என்று ஐயா கத்தினார். சோபாவின் கைப்பிடியில் அவரே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

மூடை வெளியே போகும் நாளில் ஏழு அளவுக்கு மீறும். மூன்றுக்கு இறக்க வேண்டும். அதை ஒரு சீட்டில் எழுதி டி.வி. மேசையில் ஒட்டப் போனேன். 'மூடை' என்று எழுதியதும் ஐயா பதறிவிட்டார். "அப்படி எழுதாதத்தா, வர்றவன் போறவன் படிப்பான்." கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: விருந்தாளி இருந்தால் 7, போய்விட்டால் 3.

கடைக்கு வந்து வேலை அட்டையில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பொய் எழுதினால் சாருக்குப் பிடிக்காது. உண்மையை எழுதினால் ஐயாவுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். கடைசியில், 'அறையில் சாமான் மாறுவதால் இரண்டு அளவு குறித்துக் கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன்.

சார் படித்தார். "என்ன சாமான்?"

"சாமான் சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒங்கம்மா மேல என்ன வேல பாக்குறாங்க?"

"ஏலக்காய் ஸ்டோர்ல சார்."

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நீல மைப் பேனாவை எடுத்து, மூன்று சிவப்பு வட்டத்தின் மேலும் நீளமாக ஒரே கோடு இழுத்தார். மறுநாள் போன் மேசைக்குப் போய், வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய வாசகத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "சாயங்காலம் டி.வி. பாக்குறப்ப ஹாலு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டுங்க. எங்களுக்காக எதையும் ஒதுக்க வேண்டாம்."

பவித்ரா, நீ தினமும் போனில் சொல்கிற அந்த வரி அப்படி வந்ததுதான். நீ சொன்ன கருவி அறையை அளக்கும். என்னைவிட நன்றாகவே அளக்கும். ஆனால் ராசிங்காபுரத்தில் அதுவும் காலி ஹாலைத்தான் அளந்திருக்கும். மோர் குடிக்கும்போது சணல் நாரைப் பார். நான் தவறவிட்டது போல நீ விட்டுவிடாதே.

இதை எழுதலாமா என்று போன வாரம் ஐயாவிடம் கேட்டேன். "எழுதிக்க. பேர மாத்திக்க. எத்தன மூடன்னு மட்டும் எழுதாத" என்றார். "நான் எண்ணவே இல்லையேங்கய்யா" என்றேன். "அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நாலாவது தடவைக்கு ஒரு மாதம் கழித்து, மலையிலிருந்து வேனில் இறங்கிக்கொண்டிருந்தேன். முருகேசன் அண்ணன், "ராசிங்காபுரத்துல பெரிய கையி இன்னும் சரக்க விடலையாம். வெல இன்னும் ஏறும்னு எம் மச்சான் சொல்றான்" என்று சொல்லி முடிக்கவில்லை, என் போன் அடித்தது.

"ஆத்தா, அழகர்சாமி பேசுறேன். விருந்தாளி பூராப் பேரும் காலைல கெளம்பிட்டாக. இப்பத் தொப்பி ரொம்பக் குமுறுது. அந்தச் சின்ன நம்பரு என்னா? சீட்ட எலி கடிச்சுருச்சு."

"மூணுங்கய்யா" என்றேன்.

"யாரு?" என்றார் முருகேசன் அண்ணன்.

"கஸ்டமருண்ணே."

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். கட்டிலுக்கு அடியில் எங்கள் அரை மூடை அப்படியே இருந்தது. "போடியில என்னாத்தா பேசிக்கிறாக? குடுத்துருவமா, இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாப்பமா?"

பெரிய கை சரக்கை விட்டுவிட்டது என்று போடியில் கமிஷன் கடைக்குக்கூடத் தெரியாத நேரம். எனக்குத் தெரியும்; இனி விலை இறங்கும் என்பதும் தெரியும். அந்த வீட்டில் போர்வைக்குள் என்னவென்று பார்க்க மாட்டேன் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"எனக்கு ஊஃபர் பத்தித்தான்ப்பா தெரியும்" என்றேன்.

அப்பா வைத்துப் பார்த்தார். அடுத்த வாரமே விலை இறங்கியது. அன்றிலிருந்து ஜீப்பில் அவர் பேச்சு கொஞ்சம் மாறிவிட்டதாக அம்மா சொன்னாள். "ஆறு பாசை படிச்சிருக்கா எம்மக. ஏலக்கா வெல மட்டும் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன். எழுதியதை எல்லாம் முதலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இந்தப் பக்கம் வரும்போது அப்பாவின் முகத்தைப் பார்ப்பதா, தாளைப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.